நன்றியோடு ஒரு நாளைப் பார்ப்பது: லேடீஸ் டப்பாவில் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகள்

மும்பையில் செம்பூரில் இருக்கிறேன். ஃபோர்ட் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. தினமும் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் போய்வரும் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், எங்களுக்கென்று ஒரு செட்டு உண்டு, ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள், பன்வெல்லில் ஏறுகிறவள் எங்களுக்கு இடம் போட்டு வைப்பாள். என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அன்றன்றைக்கு எனக்கு நடந்த நல்லதை அதில் எழுதுவேன். பத்து வருஷத்துக்கு மேலாக இது பழக்கம். அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்க ஆரம்பித்தாள், அப்புறம் எல்லோரும் கேட்டார்கள், அவர்கள் வீட்டு ஆட்களும் கேட்டார்கள். வண்டியில் பதில் சொல்ல ஆரம்பித்தால் அதற்குள் குர்லா வந்துவிடும், ஏறுகிற கூட்டத்தில் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

நன்றியுணர்வைப் பழகுவது என்றால் என்ன? எல்லாவற்றுக்கும் தேங்க்ஸ் சொல்வதா?

திருக்குறளில் 11-வது அதிகாரத்தின் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்றால் நன்மை, ஒருவர் நமக்குச் செய்த உதவி. அதை அறிய வேண்டும் என்கிறது தலைப்பு. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது எனக்கு இது படவே இல்லை, நாற்பது வயதுக்கு அப்புறம்தான் பட்டது. யார் செய்தார்கள், என்ன செய்தார்கள், அதனால் என் நாள் எப்படி நகர்ந்தது என்று தெரிந்து வைத்திருப்பது. இவ்வளவுதான் நான் பழகுவது. வாயால் சொல்வது அதற்குப் பிறகு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. எங்கள் கட்டடத்தில் அதிகாலையில் கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நேரம் பார்த்து வாட்ச்மேன் எழுந்து பம்ப்பைப் போடுகிறார். அவர் ஒருநாள் தூங்கிவிட்டால் அன்றைக்குக் கட்டடமே திண்டாடும், எல்லோரும் கத்துவோம். ஆனால் அவர் தூங்காமல் எழுந்த நாட்களை யாராவது எண்ணுகிறோமா? இன்னும் பின்னால் போனால், மும்பைக்கு 7 ஏரிகளிலிருந்து தண்ணீர் வருகிறது. விகார், துளசி இரண்டும்தான் நகருக்குள், மீதி ஐந்தும் வெகு தூரத்தில், மலைப்பக்கம். அங்கிருந்து என் பல் தேய்க்கும் குவளை வரைக்கும் எத்தனையோ பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டால் தண்ணீர் கூடுதலாக வரப்போவதில்லை. ஆனால் ‘எனக்கு யாருமே எதுவும் செய்வதில்லை’ என்கிற நினைப்பு பொய் என்று தெரிந்துவிடும். அந்த நினைப்புதான் என்னைப் பல வருஷம் அரித்தது.

நம்ம வீடுகளில் யாரும் நன்றி என்றே சொல்வதில்லையே, திடீரென்று சொன்னால் செயற்கையாக இருக்காதா?

இருக்கும். என் அம்மாவிடம் போய் ‘சாப்பாட்டுக்கு நன்றி’ என்று சொல்லியிருந்தால் உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பார். தமிழில் நன்றி மேடைச் சொல், கடிதத்தின் கடைசிச் சொல். வீட்டுக்குள் அதைச் சொன்னால் ஏதோ கணக்கு முடிப்பது போல ஒலிக்கும், கோபத்தில் சொல்கிறாளோ என்று கூடத் தோன்றும்.

ஆனால் நம்மிடம் வேறு வழிகள் இருந்தன. ‘நல்லா இருப்பே’ என்று பாட்டி சொல்வார். சாப்பிட்டு முடித்த தாத்தா ‘இன்னைக்கு வத்தக்குழம்பு அமைஞ்சு போச்சு’ என்பார், அதைக் கேட்டுப் பாட்டிக்கு அன்றைக்கு முழுக்க முகம் மலர்ந்திருக்கும். எதைச் சொல்கிறோமோ அதைத் துல்லியமாகச் சொல்வது. ‘இன்னைக்கு நீ எனக்கு முன்னாடி எழுந்து பால் வாங்கினதால நான் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து காபி குடிச்சேன்’ என்று கணவரிடம் சொல்லிப் பாருங்கள். நன்றி என்கிற சொல்லே இல்லை, ஆனால் அவர் மறுநாளும் பால் வாங்கப் போவார். என் வீட்டில் போகிறார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நோட்டில் என்ன எழுதணும்?

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் தன் சகாக்களோடு 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு எளிய பயிற்சி இருக்கிறது. ஒரு வாரம், தினமும் ராத்திரி, அன்றைக்கு நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். அப்படி எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியதும் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்ததும் 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும் தெரிந்தது. ஒரு வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே விடாமல் எழுதியவர்களிடம்தான் பலன் நன்றாக நிலைத்தது. அதற்கு முன்பு ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை 10 வாரம் வாரத்துக்கு ஒருமுறை எழுதச் சொன்னார்கள். நன்றிக்குரியதை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள், உடற்பயிற்சியும் கூடுதலாகச் செய்தார்கள். பெரிய மாயம் எதுவும் இல்லை, அப்புறம் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் பலன் சின்னதுதான் என்கிறார்கள். சின்னதாக இருந்தாலும் ஒரு பேனாவும் 10 நிமிஷமும்தான் செலவு, அதனால் நான் விடவில்லை.

இதில் ‘ஏன்’ என்கிற பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் செட்டில் ஒருத்தி ஆரம்பித்த வேகத்தில் முதல்நாள் ‘குடும்பம், ஆரோக்கியம், வேலை’ என்று எழுதினாள். இரண்டாம் நாளும் அதே. நாலாம் நாள் நோட்டு அலமாரிக்குப் போய்விட்டது. அது இயற்கைதான், ஒரே விஷயத்தை எத்தனை நாள் எழுதுவது? என் நோட்டிலிருந்து ஒன்று தருகிறேன்: ‘குர்லாவில் நெரிசலில் செருப்பு கழன்றது. முன்பின் தெரியாத காலேஜ் பெண் காலாலேயே நகர்த்தி என் பக்கம் தள்ளிவிட்டாள். ஏன்: அவளுக்கும் என்றைக்கோ கழன்றிருக்கும்.’ இன்னொன்று: ‘மேனேஜர் இன்று கணக்கு டேலி ஆகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏன்: நேற்று நான் வாய் திறந்து உதவி கேட்டேன்.’ இந்த இரண்டாவதைப் படித்த பிறகுதான் உதவி கேட்டால் கிடைக்கிறது என்பதே எனக்கு உறைத்தது. அதுவரை கேட்காமலே மற்றவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தினமும் எழுத முடியவில்லை. விட்டால் பலன் போய்விடுமா?

போகாது. சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற ஆய்வாளர் வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களையும் ஒருமுறை எழுதியவர்களையும் 6 வாரம் ஒப்பிட்டபோது ஒருமுறை எழுதியவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. அடிக்கடி எழுதினால் கடமையாகிவிடுகிறது போல. உங்களுக்கு எது கைக்கு வருகிறதோ அது. நான் ஞாயிற்றுக்கிழமை எழுதினால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்தும் மெகா பிளாக் இருப்பதால் எங்கேயும் போகும் அவசரம் கிடையாது.

உட்காரவே நேரமில்லை. காலையில் சாப்பாட்டு டப்பா கட்டி, ஓடி, வண்டியில் தொங்கி, திரும்பி வந்து மறுபடி சமையல். இதில் எப்போது?

எழுதவே வேண்டாம். நிற்கிற இடத்திலேயே மனசுக்குள் ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு எனக்கு ஏதாவது செய்தவர். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆளாக நுனியில் இடம் கொடுத்து ஒண்டிக்கொண்டவளாக இருக்கலாம். சிக்னல் கோளாறில் வண்டி நின்றபோது தன் போனைக் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொன்னவளாக இருக்கலாம். எனக்கு ஒரு நேரம் உண்டு, தாராவிப் பக்கமிருந்து இட்லி விற்கிறவர் எங்கள் தெருவில் ரப்பர் ஹார்னை அமுக்கிக்கொண்டு போகிற காலை நேரம். விடிவதற்கு எவ்வளவு முன்னால் எழுந்து மாவை ஊற்றி வேகவைத்திருப்பார்! அந்த ஹார்ன் சத்தம் கேட்டால் ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டு நேற்றைய நாளில் ஒரு நல்லதை நினைப்பேன். இப்படி ஏற்கனவே தினமும் நடக்கிற ஒன்றோடு கட்டிவிட்டால் மறக்காது. குக்கர் விசிலோடு கட்டலாம், விளக்கேற்றுவதோடு கட்டலாம்.

பாசிட்டிவ்வாக நினைத்தால் நினைத்தது நடக்கும் என்கிறார்களே, நிஜமா?

நினைப்பதால் மட்டும் நடக்காது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு பேச்சை நம்பி மனசு உடைந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் எடை குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1991-ல் வந்தது. தங்களால் முடியும் என்று நம்பியவர்கள் கூடுதலாக எடை குறைத்தார்கள். ஆனால் ஒல்லியாகிவிட்டது போல, எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது போல இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். கற்பனையிலேயே மனசு சாப்பிட்டு முடித்துவிடுகிறது, கை எழுந்து வேலை பார்ப்பதில்லை. அதனால் அவர் சொல்வது, ஆசையை நினைத்த கையோடு அதற்கு எது குறுக்கே நிற்கும் என்பதையும் நினை, அது வந்தால் என்ன செய்வாய் என்று முன்கூட்டியே முடிவு செய்.

அதேபோல கண்ணாடி முன்னால் நின்று ‘நான் எல்லோராலும் விரும்பப்படுகிறவள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வது. கனடாவில் ஜோன் வுட் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கனவே தன்மேல் மதிப்பு குறைவாக உள்ளவர்கள் அப்படிச் சொன்னபோது இன்னும் மோசமாக உணர்ந்தார்கள். மனசுக்குப் பொய் தெரியும்.

நம் வீடுகளில் இதற்கு எவ்வளவு அழகான வழி வைத்திருந்தார்கள் தெரியுமா? எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்பார் பாட்டி. விளக்கை அணை என்று சொல்ல மாட்டார், மலையேற்று என்பார். ஊருக்குக் கிளம்பும்போது போறேன் கிடையாது, போயிட்டு வரேன். சொல்லில் அவ்வளவு கவனம். ஆனால் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்று சொன்ன அதே பாட்டி அந்த நிமிஷமே பையைக் கொடுத்து என்னைக் கடைக்கு அனுப்புவார். காலிப் பானையைக் காலி என்று தெரிந்துதான் அந்தச் சொல்லைச் சொன்னார். பாசிட்டிவ் திங்கிங் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பையோடு ஓடினதுதான் ஞாபகம் வரும்.

ஒரு நாளில் பத்து நல்லது நடந்தாலும் ஒரு கெட்டது மட்டும் ராத்திரி முழுக்க மனசில் நிற்கிறதே, எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லோருக்கும்தான். ராய் பாமைஸ்டர் என்பவரும் சகாக்களும் 2001-ல் ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கெட்டது நல்லதைவிட மனசில் அழுத்தமாகப் பதிகிறது என்று எழுதினார்கள். காட்டில் வாழ்ந்த மனுஷனுக்குப் பூவைக் கவனிக்காவிட்டால் நஷ்டமில்லை, பாம்பைக் கவனிக்காவிட்டால் உயிர் போய்விடும். அந்தக் காவல்காரப் புத்திதான் இன்றைக்கு மாமியாரின் ஒரு வார்த்தையையும் பாம்பாகப் பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. நல்லது சீக்கிரம் பழகிவிடும். 1978-ல் வந்த ஒரு ஆய்வில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரைக் கேட்டார்கள். மற்றவர்களைவிட அவர்கள் அப்படியொன்றும் கூடுதல் மகிழ்ச்சியாக இல்லை, காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு போன்ற அன்றாட விஷயங்களில் கிடைக்கிற சந்தோஷம் அவர்களுக்குக் குறைந்தே போயிருந்தது. நோட்டு எழுதுவது இந்தப் பழகிப்போவதை எதிர்த்துத்தான். கெட்டது தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், நல்லதை நாம்தான் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும்.

ஊரில் சொந்தக்காரங்க எல்லாம் பெரிய பெரிய வீடு கட்டிட்டாங்க. நாங்க இன்னும் பம்பாயில் ஒரு ரூம் கிச்சனில். இதில் என்னத்த நன்றி?

இந்தக் கேள்வி கேட்டவளின் கண் கலங்கியிருந்தது. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் எங்களில் பாதிப் பேருக்கு ஒரு வாரம் இப்படித்தான் இருக்கும். மூன்று மாடி, கார் நிறுத்த இடம், வாசலில் தென்னை. திரும்பி வந்து கதவைத் திறந்தால் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்.

‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்’ என்கிற ஆறுதல் எனக்குப் பிடிக்காது. அடுத்தவர் கஷ்டம் நமக்கு மருந்து கிடையாது. நான் அவளிடம் சொன்னது வேறு. அந்த ரூமை உனக்கு யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். மாமனார், 1970-களில் தாராவித் தோல் பட்டறையில் நின்று வேலை பார்த்து, சீட்டுப் போட்டு வாங்கினார் என்றாள். அந்தக் கதையை உன் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாயா என்றேன். இல்லை என்றாள். வடாலா வரை பேசாமல் வந்தாள். ஆசைப்படுவதை விட்டுவிடச் சொல்லவில்லை, பெரிய வீடு வேண்டும் என்றால் வேண்டும்தான். இருக்கிற சுவரில் ஒரு மனுஷனின் உழைப்பு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அது வெறும் சின்ன ரூமாகத் தெரியாது.

வேலை போச்சு, வீட்டில் நோய், கடன். இந்த நேரத்தில் நன்றி நோட்டா?

எனக்கு 2016 அப்படி இருந்தது. கணவர் வேலை பார்த்த கம்பெனியை இரண்டு மாதச் சம்பளப் பாக்கியோடு மூடிவிட்டார்கள். அதே வருஷம் ஊரில் அம்மாவுக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் கை கால் வரவில்லை. நான் லீவு போட்டு தாதரில் ரயிலேறுவதும் திரும்புவதுமாக அலைந்தேன். அந்தச் சமயம் ஒருவர் வீட்டுக்கு வந்து ‘எல்லாம் நல்லதுக்கேன்னு நினைச்சுக்கோ’ என்றார். அவர் நல்ல மனுஷி, தெரியாமல்தான் சொன்னார், ஆனால் எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது. அம்மாவின் கை வராமல் போனதில் என்ன நல்லது? எதுவும் இல்லை. இப்போது வரைக்கும் எதுவும் இல்லை.

நாலு மாதம் நோட்டைத் தொடவில்லை. அந்தப் பக்கங்களை அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறேன். துக்கம் துக்கமாக இருக்க வேண்டிய நேரம் அது, அழ வேண்டியதை அழாமல் பாசிட்டிவ் என்று மூடி வைத்தால் உள்ளே அழுகும். அப்புறம் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் கடன் கணக்கு எழுத நோட்டை எடுத்தேன். மளிகைக்கடை சேட்டுக்கு எவ்வளவு பாக்கி என்று கூட்டும்போதுதான் கவனித்தேன், மூன்று மாதமாக அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சாமான் கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் கட்டிக் கொடுத்திருக்கிறார். கடன் பட்டியலுக்குக் கீழே ‘சேட் கேட்கவில்லை’ என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். கஷ்டம் குறைந்ததா? இல்லை, ஆனால் அதில் நாங்கள் தனியாக இல்லை என்று தெரிந்தது, அன்றைக்குத் தூக்கம் வந்தது. எதற்கு நன்றி என்று தேட வேண்டாம். கஷ்டத்துக்கு யாரும் நன்றி சொல்ல முடியாது. அந்தக் கஷ்டத்துக்குள் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று பார்க்கலாம், அதுவும் உங்களுக்கு முடிகிறபோது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ தாறுமாறாக இருக்கிறது, செத்துவிடலாம் போல நினைப்பு வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு டாக்டர் வேண்டும், நோட்டு போதாது. ‘நான் பாசிட்டிவ்வா நினைக்காததால்தான் இப்படி’ என்று உங்களையே குற்றம் சொல்லாதீர்கள், சர்க்கரை நோய் வந்தவரை அப்படிச் சொல்வோமா? மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் யாருக்காவது தேவைப்படலாம், போனில் சேமித்து வையுங்கள்.

நன்றியோட இருன்னு சொல்லிச் சொல்லியே எங்க முதலாளி சம்பளம் ஏத்த மாட்டேங்கிறார். இதையும் பொறுத்துக்கணுமா?

வேண்டாம். ஒருவர் தானாக உணர்வதுதான் நன்றி. ‘உனக்கு வேலை கொடுத்திருக்கேன், நன்றியா இரு’ என்று கேட்டு வாங்குவது வசூல். கல்யாணமாகி வந்த பெண்ணிடம் ‘உன்னை இவ்வளவு நல்லா வச்சிருக்கோமே’ என்பதும் வசூல்தான். அவர் ஆரம்பத்தில் வேலை கற்றுக்கொடுத்தார் என்றால் அதை நினைவில் வையுங்கள், சம்பளத்தையும் கேளுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. அடிக்கிற கணவனுக்கு நல்ல குணங்களைத் தேடி நோட்டில் எழுத வேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பாயி இல்லாவிட்டால் எங்களில் ஒருத்தியாலும் வண்டியைப் பிடிக்க முடியாது. அவளுக்கு நான் ரொம்ப நன்றியோடு இருக்கிறேன் என்று நோட்டில் எழுதிவிட்டு லீவுக்குச் சம்பளம் பிடித்தால் அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு? நான் பிடித்திருக்கிறேன், முன்பு. அவள் பெயரை நாலைந்து முறை நோட்டில் எழுதிய பிறகு பிடிக்கக் கை வரவில்லை.

பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

‘அங்கிளுக்குத் தேங்க்ஸ் சொல்லு’ என்று முதுகில் தட்டினால் தேங்க்ஸ் வரும், வேறெதுவும் வராது. நாங்கள் ராத்திரி சாப்பிடும்போது ஒரே கேள்வி கேட்போம்: இன்னைக்கு உனக்கு யார் என்ன செஞ்சாங்க? முதலில் ‘ஒண்ணும் இல்ல’ என்பார்கள். ஒரு வாரம் கழித்து ‘பஸ்ல கண்டக்டர் எனக்காக மணி அடிச்சு நிறுத்தினார்’ என்று வரும். நாமும் நம் பதிலைச் சொல்ல வேண்டும், அவர்களை மட்டும் கேட்டால் பரீட்சையாகிவிடும்.

தை மாதம் தாராவி 90 அடி ரோட்டுக்கு ஒருமுறையாவது கூட்டிப் போங்கள். வரிசையாக அடுப்பு வைத்து நம் பெண்கள் பொங்கல் வைப்பார்கள், நடுரோட்டில், சுற்றிலும் கடைகளும் கட்டடங்களும். என் மகன் சின்ன வயசில் அங்கே கேட்டான், நமக்குத்தான் வயலே இல்லையே, நாம ஏன் பொங்கல் வைக்கிறோம் என்று. அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சேட் கடையிலிருந்து என்றான். அதற்கு முன்னால் என்று கேட்டுக் கேட்டு வண்டி, மண்டி, மில், களம், வயல் என்று போனோம், கடைசியில் மேலே பார்த்துச் சூரியனைக் காட்டினான். அன்றைக்குப் பானை பொங்கும்போது எல்லோரையும்விடச் சத்தமாகப் பொங்கலோ பொங்கல் சொன்னவன் அவன்தான்.

கடவுள் நம்பிக்கை இருந்தால்தான் இது கைகூடுமா?

இல்லை. நம்புகிறவர்கள் சாமிக்குச் சொல்கிறார்கள், நல்லது. நம்பாதவர்களுக்கு மனுஷர்கள் இருக்கிறார்கள். சாமிக்குச் சொல்கிறவர்களும் மனுஷர்களை விட்டுவிடாமல் இருந்தால் சரி.

நன்றிக் கடிதம் எழுதி நேரில் கொடுக்கச் சொல்கிறார்களே, கூச்சமாக இருக்காதா?

செலிக்மனின் அதே 2005 ஆய்வில் இதுவும் இருந்தது. உதவி செய்தும் சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் போய்க் கொடுப்பது. முயன்ற பயிற்சிகளிலேயே உடனடியாக அதிகச் சந்தோஷம் தந்தது இதுதான், ஒரு மாதம் வரை இருந்தது, அதற்கப்புறம் வடிந்துவிட்டது. கூச்சத்தைப் பற்றியும் அமித் குமார், நிக்கலஸ் எப்லி இருவரும் 2018-ல் எழுதியிருக்கிறார்கள்: கடிதம் எழுதுகிறவர்கள், வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள், அவருக்குக் கிடைக்கிற சந்தோஷத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நான் சேட்டுக்குக் கடிதம் எழுதவில்லை, தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்து ‘அந்த மூணு மாசம் நீங்க கேட்காம இருந்தீங்களே’ என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கொஞ்ச நேரம் தலையைத் தூக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய ஆளே இப்போது இல்லை என்றால்?

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள். என் வண்டி வடாலாவில் நின்றுவிட்டது. இறங்கி மற்றவர்களோடு நடந்தேன், சயான் வரும்போது தண்ணீர் இடுப்புக்கு மேல், இருட்டு, போன் வேலை செய்யவில்லை, வீட்டில் ஒரு வயசுக் குழந்தை. ஒரு சாலின், அதாவது வரிசையாக ஒற்றை ரூம் வீடுகள் உள்ள கட்டடத்தின், மாடிப்படியில் நின்றிருந்த மராத்தி அம்மா என் கையைப் பிடித்து மேலே இழுத்தார். அந்தச் சின்ன ரூமில் என்னைப் போல இன்னும் ஆறு பெண்கள். எல்லோருக்கும் டீ, எனக்குத் தன்னுடைய காய்ந்த புடவை ஒன்று, பச்சை நூல் புடவை. அவர் பேசினது எனக்குப் பாதி புரியவில்லை, நான் அழுதது அவருக்குப் புரிந்தது. விடிந்ததும் குழந்தை நினைப்பில் ஓடினேன். பெயர்கூடக் கேட்கவில்லை.

புடவையைத் துவைத்து மடித்து வைத்தேன், அடுத்த வாரம் போகலாம், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் போனபோது அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன், சொல்லத் தெரிந்தவர் யாரும் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கும். இருக்கிறவர்களிடம் சீக்கிரம் போய்விடுங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான்.

புடவை என் அலமாரியில் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் கதவுக்குப் பக்கத்தில் நாலு துண்டும் இரண்டு நைட்டியும் எடுத்து வைப்பேன், எங்கள் கட்டடத்து வாட்ச்மேனுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது நனைந்து நின்றால் மேலே அனுப்பு என்று. போன ஜூலையில் ஒரு பெண் வந்தாள், கோவண்டிக்குப் போகணும், வண்டி நின்றுவிட்டது, காலேஜ் பை முழுக்கத் தண்ணீர். புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஃபேனுக்குக் கீழே வைத்தோம். நைட்டி அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. அலமாரியைத் திறந்து அந்தப் பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்தேன்.